தோட்டம் அமைக்கும் நெறி

கொங்கு நாட்டு உழவர் நிலத்தை மூவகையாகப் பகுத்து வழங்குவர். ஆற்றுக்கால் பாயும் நிலம் வயல். வானம் பார்த்த நிலம் காடு. கிணற்று நீரால் விளையும் நிலம் தோட்டம். பிற நாட்டார் தோட்டம் என்றதும் மலர்ப் பாத்தியையும் புல்தரையையும் நினைப்பர். நமக்கோ வீடும் கிணறும் தொழுவமும் பயிரும் ஒருங்கே அமைந்த வாழ்விடமே தோட்டம். ஆகவே, தோட்டக்கலை செல்வருக்கு உரியது, நமக்கு அதனால் ஆவதென்ன என்று எவரும் ஒதுங்கிவிட வேண்டுவதில்லை.

அதனை இன்று நினைப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளைக் கேரள வாடல் நோய் வாட்டி வருகின்றது. 2016-ஆம் ஆண்டு முதல் சுருள் வெள்ளை ஈயும் உடன் சேர்ந்துகொண்டது. வாடல் நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் கிடைத்திலது. எனவே பலர் மரங்களை வெட்டி அகற்றிப் புதுக் கன்று நடும் நிலையில் உள்ளனர். தென்னையோ ஐம்பது, அறுபது ஆண்டு நிற்கும் மரம். இன்று நாம் குழி எடுக்கும் இடம் பேரன் காலம் வரை மாறாது. ஆதலின் கடப்பாரையை எடுக்குமுன் நிலத்தின் அமைப்பைச் சற்றே சிந்திப்பது நலம்.

உலகம் கண்ட முறைகள்

வறண்ட பாரசீகத்தார் நீரையே தோட்டத்தின் உயிராகக் கொண்டனர். நடுவே வாய்க்கால்கள் குறுக்கிட, நிலத்தை நான்கு கூறாக்கினர். பாபர் வழியாக அம்முறை நம் நாட்டில் வேரூன்றியது. தாஜ்மகாலின் முன்னுள்ள தோட்டம் அவ்வகையினதே.

பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னர், 1661 முதல் லெ நோத்ர் என்பாரைக் கொண்டு வெர்சேல்சில் நேர்க்கோடுகளால் ஆன பெருந்தோட்டம் அமைத்தார். ஆனால் அதன் நீரூற்றுகள் அனைத்தையும் ஒருங்கே இயக்க அங்கு நீர் போதவில்லை. நீரை அளந்து தோட்டம் அமைக்க வேண்டுமேயன்றி, தோட்டத்தை வரைந்துவிட்டு நீரைத் தேடலாகாது என்பது அதனால் நாம் பெறும் பாடம்.

17-ஆம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த ஜி செங் என்னும் அறிஞர் தோட்டக்கலை பற்றி நூல் இயற்றினார். தொலைவில் தெரியும் மலையையும் தோட்டத்தின் அங்கமாகக் கடன் பெறலாம் என்பது அவர் கூறிய நெறி. அடுத்த நூற்றாண்டில் ஆங்கில நாட்டார் கால்நடையைத் தடுக்க வேலிக்கு மாறாகப் பள்ளம் வெட்டினர். விலங்கு தடைப்பட்டது, பார்வை தடைப்படவில்லை.

நீரும் எல்லையும்

இந்நெறிகள் நமக்குப் புதியன அல்ல. ஆழியாற்றில் ஐந்து கால்வாய்களைப் பிரித்துப் பழைய ஆயக்கட்டை அமைத்த முன்னோர், நிலத்தின் சரிவை அறிந்தே நீரை நடத்தினர். இன்று சொட்டுநீர்க் குழாய் வந்துவிட்டதால் சரிவைக் கருத வேண்டா என எண்ணுவது பிழை. மழைநீர் இன்றும் சரிவிலேயே ஓடுகின்றது. தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டைக்கு இடம் விட்டு, அதன் பின்னரே வரிசை பிடிக்க வேண்டும்.

சோலையைக் குறிக்கும் 'கா' என்னும் பழஞ்சொல் காத்தலையும் குறிக்கும். காவல் அளவு கடந்தால் விளைவு யாது என்பதற்கு நம் ஊரிலேயே கதை உண்டு. நன்னன் என்னும் மன்னனின் காவல்மரத்து மாங்கனி ஆற்றில் மிதந்து வர, அதை உண்ட பெண்ணை அவன் கொல்வித்தான் எனக் குறுந்தொகை குறிக்கின்றது. அப்பெண்ணே ஆனைமலை மாசாணியம்மன் என்பது மக்கள் நம்பிக்கை. வேலி ஆட்டை மறிப்பதற்கே. அண்டை வீட்டாரை மறிப்பதற்கன்று. கொங்கு நாட்டுக் கிளுவை வேலி இவ்வகையில் சிறந்தது. போத்தை நட்டாலே துளிர்க்கும். ஆட்டுக்குத் தழையும் தரும்.

காற்றும் நிழலும் காட்சியும்

தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வேகமாக வீசும். ஆகவே மேற்கு ஓரத்தில் சவுக்கோ வேம்போ இரு வரிசை நிற்பது இளங்கன்றுக்கும் வாழைக்கும் அரணாகும்.

தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 70 மரம் அளவில் நிற்கும். நெருக்கி நட்டு எண்ணிக்கையைக் கூட்டுவதால் பயன் இல்லை. இடையே விழும் வெயிலில் கோகோ, ஜாதிக்காய், வாழை ஆகியன செழிக்கும். வாழையும் கல்வாழையும் வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவிக்குப் புகலிடமாகும் என வேளாண் அறிஞர் பரிந்துரைக்கின்றனர். பூங்காவில் அழகுக்கென வைக்கும் கல்வாழை நம் தோப்புக்குக் காவலாளாகவும் அமைகின்றது. அழகு வேறு, பயன் வேறு அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நெசவாளரும் இதனை அறிவர். சேலம் முதலிய நெசவூர்களில் பாவு நீட்டுவதற்கென விடப்பட்ட நீண்ட திடலுக்குப் பாவடி என்று பெயர். தொழிலுக்கு வேண்டிய நீளமும் ஊருக்கு வேண்டிய வெளியும் அங்கே ஒன்றாகிவிட்டன.

ஜி செங் சொன்ன மலைக்காட்சியோ நமக்கு விலையின்றிக் கிடைப்பது. ஆனைமலைத் தொடர் நமக்குத் தெற்கே நிற்கின்றது. வீட்டு வாசலிலிருந்து தெற்கு நோக்கி வண்டித்தடத்தை விட்டால், மலைக்காட்சியும் காய் ஏற்றும் வழியும் ஒன்றாகவே அமையும்.

காலத்தை நோக்கி நடுதல்

அம்மலையில் கப்பல் கட்டத் தேக்கை வெட்டி வெட்டிக் காடு வெறுமையுற்ற காலம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன அதிகாரி ஹியூகோ உட் அதனை மீண்டும் தழைக்கச் செய்தார். சட்டைப்பையில் தேக்கு விதை நிரப்பி, கைத்தடியால் குழி குத்தி ஊன்றியபடியே நடப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1933-இல் மறைந்த அவரது கல்லறை டாப்சிலிப்பில் அவர் வளர்த்த மரங்களின் நடுவே உள்ளது.

நாமும் அவ்வாறே நெடுநோக்குடன் நடுவோம். ஒரே மரத்தை நம்பிய தோப்பு ஒரே நோயில் நலிந்ததைக் கண்ணாரக் கண்டோம். அண்டைத் தோட்டத்தார் கூடி அமர்ந்து, காற்றுத் தடுப்பு எங்கே, குட்டை எங்கே, வண்டித்தடம் எங்கே என ஒரு தாளில் வரைவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். காற்றும் வெள்ளை ஈயும் சர்வே எண் பார்த்து நிற்பதில்லை. அவற்றை எதிர்கொள்ளும் தோட்ட அமைப்பும் பலர் கூடிச் செய்வதாகவே இருத்தல் வேண்டும்.