வெறும் 5 என்றால் எவ்வளவு நேரம்?

‘சர்வரிலிருந்து பதில் வர 5 விநாடி காத்திரு என்றுதான் எழுதினேன். கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றும் வரவில்லை என்று திரும்பிவிடுகிறது. பைத்தானில் கோளாறா?’ என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். கோளாறு இல்லை. அவர் கொடுத்த 5-ஐ அது 5 மில்லிவிநாடி என்று எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அவர் பயன்படுத்தியது ‘செலக்ட்’ மாட்யூலில் இருக்கும் ‘போல்’. அந்த மாட்யூல் எனக்கு ரொம்பப் பிடித்த விசித்திரம். திறந்திருக்கும் பல இணைப்புகளில் எதில் தரவு வந்திருக்கிறது என்று பார்க்க அதில் பல வழிகள் உண்டு. ‘செலக்ட்’ ஃபங்ஷனுக்கு டைம்அவுட்டை விநாடியில் தர வேண்டும். ‘போல்’ கேட்பது மில்லிவிநாடி. அதன் தம்பியான ‘ஈபோல்’ மறுபடி விநாடிக்கே போய்விடுகிறது! இதில் வேடிக்கை, லினக்ஸ் கெர்னலைப் பொறுத்தவரை அண்ணன் தம்பி இருவருக்குமே மில்லிவிநாடிதான். 2008-இல் பைத்தான் 2.6 பதிப்பில் ‘ஈபோல்’ வந்தபோது பைத்தான்காரர்கள் அதை விநாடிக்கு மாற்றினார்கள். பழைய ‘போல்’ இருந்தபடியே இருந்துவிட்டது. இன்று அதைத் திருத்தப் போனால், 5000 என்று எழுதி ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் 83 நிமிடம் காத்துக் கிடக்கும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் ‘இருபது போடுறோம்’ என்றால் சவரன். அதே இருபது நகைக்கடை பில்லில் கிராம். (போடச் சொல்லிக் கேட்பதே தவறு, அது வேறு கதை.) அலகு சொல்லாத எண், பேசுகிற இருவருக்கும் பழக்கம் ஒன்றாக இருக்கும்வரைதான் செல்லும். லைப்ரரி எழுதுகிறவருக்கும் அதை எடுத்து ஓட்டுகிறவருக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது. ஆவணத்தின் ஏதோ ஒரு மூலையில் அலகைச் சொல்லிவிட்டேனே என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு; இரவு இரண்டு மணிக்கு எவர் ஆவணம் படிக்கிறார்?

அலகைப் பெயரிலேயே வைக்கலாம். லிப்கர்ல் லைப்ரரி தன் பழைய விநாடி டைம்அவுட்டை விட்டுவைத்து, மில்லிவிநாடிக்கு ‘எம்எஸ்’ என்ற வாலோடு இன்னொன்றைச் சேர்த்தது. ஜாவா 2004-இல் ‘டைம்யூனிட்’ கொண்டுவந்தது. எண்ணோடு அலகையும் கொடுத்தாக வேண்டும். கோ மொழியில் காலத்துக்கென்றே தனி வகை உண்டு. ஆனால் அங்கும் ‘ஸ்லீப்’புக்கு வெறும் 10 கொடுத்தால் கம்பைலர் வாய் திறக்காது, 10 நானோவிநாடி தூங்கி எழுந்துவிடும்.

மாணவிக்கு என் யோசனை, பைத்தான் 3.4 பதிப்பில் வந்த ‘செலக்டர்ஸ்’ மாட்யூல். உள்ளே எந்த வழி ஓடினாலும் அதற்கு விநாடிதான். ‘போல்’ வழியில் போகும்போது ஆயிரத்தால் பெருக்கி, பின்னம் மிஞ்சினால் மேல்நோக்கி முழு எண்ணாக்கிக்கொள்கிறது. கீழ்நோக்கி ஆக்கினால் 0.4 மில்லிவிநாடி பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் காத்திருக்கவே வேண்டாம் என்று பொருள்; நிரல் ஓயாமல் கேட்டுக்கேட்டே சிபியூவைச் சூடாக்கிவிடும்.