மாலத்தீவில் டீச்சர் வேலை... பேச்சுத்துணைக்கு யார்?

கம்பத்தில் பஸ் ஏறி தேனியில் இறங்குவதற்குள், "எங்கே தாயி கிளம்பிட்ட?" என்று குறைந்தது மூன்று பேராவது கேட்டுவிடுவார்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். அத்தை, மதினி, கூடப் படித்தவர்கள் என்று அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

இப்படி மனிதர்கள் சூழ வளர்ந்த ஒரு பெண், மாலத்தீவில் ஒரு குட்டித் தீவுக்கு ஆசிரியையாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம், விசா, தங்கும் இடம் எல்லாவற்றையும் விசாரித்திருப்பார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு யாரோடு பேசுவது என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பலாமா என்ற எண்ணம் பெரும்பாலும் வகுப்பறையில் வருவதில்லை. ஆறு மணிக்கு மேல், அறையில் தனியாக இருக்கும்போதுதான் வருகிறது.

கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் தூரம்

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்வது 200க்கும் குறைவான தீவுகளில்தான். சில தீவுகளில் மொத்தமே சில நூறு பேர்தான் இருப்பார்கள். பள்ளிகளில் ஆங்கிலவழிக் கல்வி என்பதால், கணக்கு, அறிவியல், ஆங்கிலம் நடத்த தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் போய்வருகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அங்கிருந்து படகோ, உள்ளூர் விமானமோ பிடிக்க வேண்டும்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அங்கே மலையே கிடையாது. தரையின் சராசரி உயரமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1.5 மீட்டர். சின்னத் தீவு என்றால், நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம்.

போன் தரும் ஆறுதல்

மாலத்தீவு நேரம் நம்மைவிட அரை மணி நேரம்தான் பின்னால். அமெரிக்காவில் இருப்பவர்கள் இரவு பகல் பார்த்துப் பேச வேண்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. அம்மாவுக்குச் சாயங்காலம் என்றால் மகளுக்கும் சாயங்காலம். சிக்கலும் அதுதான். வீடியோ காலில் வீட்டு அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தால், வாசலுக்கு வெளியே இருக்கும் ஊர் கடைசிவரை அந்நியமாகவே இருந்துவிடும். பேச வேண்டாம் என்பதில்லை. தினமும் ஒரு நேரம் வைத்துப் பேசிவிட்டு, மிச்ச நேரத்தில் வெளியே இறங்கலாம்.

நம்மவர்கள் முதல் துணை

உடன் வேலை பார்க்கும் தமிழ், மலையாள ஆசிரியர்கள்தான் முதல் வட்டம். காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டி ரசம் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனால், அந்த வட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. நாலைந்து பேர் மட்டுமே உள்ள இடத்தில் ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தால் ஒதுங்கிப்போக வேறு இடம் இருக்காது. ஒப்பந்தம் முடிந்து ஒருவர் ஊர் திரும்பினாலும் வட்டம் பாதியாகிவிடும்.

'ஜோலி'யில் உட்காருங்கள்

நம் பக்கம் ஜோலி என்றால் வேலை. மாலத்தீவில் 'ஜோலி' என்பது கயிற்று வலை பின்னிய இருக்கை. தெருவோரத்திலும் கடற்கரையிலும் போட்டிருப்பார்கள். வேலை முடிந்த மனிதர்கள் அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நம் வீட்டுத் திண்ணை மாதிரிதான். மாணவர்களின் அம்மாக்களையும் அங்கே பார்க்கலாம். பெண்கள் அணியாக ஆடும் 'பஷி' என்ற பந்து விளையாட்டை வேடிக்கை பார்க்கப் போனாலே அறிமுகம் ஆரம்பித்துவிடும். வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் நேரமும் கிடைக்கும்.

பேச மொழி? 'ஹாலு கிஹினே' என்றால் 'எப்படி இருக்கீங்க?', 'ஷுகுரிய்யா' என்றால் நன்றி. இரண்டு வார்த்தை தெரிந்தாலே எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். திவேஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். நம் மளிகைக் கடையில் மாசிக் கருவாடு வாங்கியவர்களுக்கு அந்த வார்த்தை அவ்வளவு புதிதாக இருக்காது. சூரை மீனோடு தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்த 'மஸ் ஹுனி'யை ரொட்டியோடு சாப்பிடுவதுதான் அங்கே காலை உணவு. செய்முறை கேட்டு ஒரு வீட்டு வாசலை மிதிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

பள்ளத்தாக்கு கற்றுக்கொடுத்த பாடம்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் எந்த வகுப்பிலும் மலையாளம் படித்ததில்லை. பேசிப் பேசியே பழகினார்கள். தப்பாகப் பேசிவிடுவோமோ என்று கூச்சப்பட்டிருந்தால் அது நடந்திருக்காது.

இன்னொரு பாடமும் உண்டு. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ராவுத்தர் குடும்பங்களோடு பழகியவர்களுக்கு ரமலான் மாதம் புதிதல்ல. நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்தவர்களுக்கு, மாலத்தீவில் நோன்பு நேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலில் பிறர் பார்க்கச் சாப்பிடுவதைத் தவிர்த்து, மாலையில் நோன்பு திறக்க யாராவது அழைத்தால் மறுக்காமல் போய்வரலாம்.

கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியதும் இருக்கிறது. வழிபாட்டுச் சிலைகள், மது, பன்றி இறைச்சி ஆகியவற்றைக் கொண்டுபோக அந்நாட்டில் தடை உண்டு. பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபாடு நடத்தவும் முடியாது. தீபாவளியோ, பொங்கலோ, அறைக்குள் நாலு பேரோடு சாப்பிடுவதாகத்தான் இருக்கும். முன்கூட்டியே மனதைத் தயார்படுத்திக்கொண்டால் அன்றைக்கு அழுகை வராது.

சொந்த ஊரில் உறவுகள் பிறக்கும்போதே கிடைத்துவிடுகின்றன. போன ஊரில் அவற்றை ஒவ்வொன்றாகச் சம்பாதிக்க வேண்டும், சம்பளத்தைப் போலவே. "எங்கே மிஸ் கிளம்பிட்டீங்க?" என்று அந்தத் தீவில் யாராவது கேட்கும் நாள் வரும். அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.