கருந்துளை பூமியை விழுங்குமா?



“கருந்துளை வந்து பூமியை விழுங்கிவிடுமாம், உண்மையா உம்மா?” என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? “பேசாமல் படு” என்று அதட்டிவிடாதீர்கள். அந்தப் பயம் அதட்டலால் போகாது. விளக்கம் சொன்னால்தான் போகும்.

மாரி மழை ஓய்ந்த ஜனவரியில், நிலவில்லாத ஓர் இரவு இஷாவுக்குப் பின் பிள்ளையை முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். யாழ்ப்பாணத்தில் தெருவிளக்கு வெளிச்சம் படாத இடத்தில் நின்று வடமேற்கே அண்ணாந்து பார்த்தால், மங்கலான ஒரு திட்டுத் தெரியும். அதுதான் அந்திரோமெடா நட்சத்திர மண்டலம். 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற வானியல் அறிஞர் தம் அரபு நூலில் இதை மேகம் போன்ற திட்டு என்று எழுதிவைத்தார்.

அந்தத் திட்டைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத வாயுப் போர்வை ஒன்று உண்டு. சராசரியாக 13 இலட்சம் ஒளியாண்டு தூரம்வரை அது பரந்திருப்பதை ஹபிள் தொலைநோக்கியின் ஆய்வு 2020இல் காட்டியது. தெரியாததை எப்படிக் கண்டார்கள்? அதற்குப் பின்னால், வெகு தொலைவில் 43 குவாசர்கள் இருக்கின்றன. அவற்றின் ஒளி இந்த வாயுவினூடாக வரும்போது ஒரு பகுதி உறிஞ்சப்படுகிறது. அந்தக் குறைவை அளந்தே கண்டார்கள்.

குவாசர் என்றால் என்ன? நட்சத்திர மண்டலத்தின் நடுவில் வாயுவை வாரி உண்ணும் பெரும் கருந்துளை. உள்ளே விழுமுன் சுழலும் வாயு கொதித்து ஒளிர்கிறது. நாம் காண்பது அந்த ஒளியைத்தான். யூஎம் 287 என்ற குவாசரைச் சுற்றி, அதன் ஒளிபட்டே மின்னும் வாயு மேகத்தை 2014இல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி மூலம் கண்டார்கள். சுமார் 20 இலட்சம் ஒளியாண்டு நீளம்! அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இந்த வாயுதான் புதிய நட்சத்திரங்கள் பிறப்பதற்கான மூலப்பொருள். கருந்துளைக்கும் இதுவே இரை. விறகடுப்பில் பால் பொங்கி வழிந்தால் என்ன நடக்கும்? அடுப்பே அணைந்துவிடும் அல்லவா? கருந்துளையும் மிதமிஞ்சி உண்ணும்போது கடும் வெப்பமும் காற்றும் கிளம்பி, சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி வெளியே தள்ளுகின்றன. சூடான வாயு திரண்டு நட்சத்திரமாக முடியாது. கருந்துளைக்கும் இரை குறைந்துபோகிறது. பெரிய மண்டலங்கள் பலவற்றில் நட்சத்திரப் பிறப்பு ஓய்ந்துபோனதற்கு விஞ்ஞானிகள் கூறும் முக்கிய காரணம் இதுவே.

ஆகவே பிள்ளையிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: கருந்துளை எல்லாவற்றையும் இழுத்து விழுங்கும் பூதமல்ல. நமது பால்வீதியின் நடுவிலும் சூரியனைப் போல் சுமார் 40 இலட்சம் மடங்கு நிறையுள்ள ஒன்று இருக்கிறது. ஆனால் அது நம்மிடமிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி, அமைதியாகவே இருக்கிறது. பூமிக்கு அதனால் ஆபத்தில்லை.

கேள்வி கேட்பது மகளானால், “பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று யாரும் தடுக்க இடங்கொடாதீர்கள். அடுத்த விடுமுறையில் அவளை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கூட்டிச் சென்று, வானியல் நூல் ஒன்றை எடுத்துக் கொடுங்கள்.