ஒளிராத கீபோர்டு: எதைப் பார்த்து வாங்குவது?

மெக்கானிக்கல் கீபோர்டு என்பது ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச் கொண்ட விசைப்பலகை. கணினியோடு சேர்ந்து வரும் சாதாரண கீபோர்டின் அமைப்பு வேறு. அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் பாயும் தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். துளைகள் போட்ட நடுத்தாள் அவை இரண்டும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். விசையை அழுத்தும்போது அடியிலுள்ள ரப்பர்க் குமிழ் மடங்கி, மேல் தாளைத் துளை வழியாகக் கீழ்த் தாளில் படவைக்கிறது. எழுத்து பதிவாக வேண்டுமானால் விசை அநேகமாக அடிவரை போயாக வேண்டும். நாளாக ஆக ரப்பர் தளர்ந்துவிடும். அதிகம் புழங்கும் விசைகள்தான் முதலில் சொதசொதவென்று ஆகும்.

மெக்கானிக்கல் வகையில் ரப்பரின் இடத்தை உலோக ஸ்பிரிங் பிடித்துக்கொள்கிறது. விலை கூடுவதற்கும் ஆயுள் கூடுவதற்கும் அதுவே காரணம். ஆனால் இன்று கடையிலும் இணையத்திலும் மெக்கானிக்கல் கீபோர்டு தேடுபவரின் கண்ணில் முதலில் படுவது விசைகளுக்கு அடியில் ஓடும் வண்ண விளக்குகள். தட்டச்சின் தரத்தில் அந்த விளக்குகளுக்கு எந்தப் பங்கும் இல்லை. விரல் உணர்வதும் காது கேட்பதும் பத்தாண்டு கழித்து எஞ்சியிருப்பதும் வேறு பாகங்களைப் பொறுத்தவை. விளக்கில்லாத பலகை வேண்டும் என்று முடிவு செய்தவர் அந்தப் பாகங்களைத் தெரிந்துகொண்டால் போதும், தேர்வு எளிதாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முதன்மையானது சுவிட்ச். இன்று உலகில் மிக அதிகம் பின்பற்றப்படும் வடிவம், ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ். அதன் முக்கியக் காப்புரிமை 2014 வாக்கில் காலாவதியானதும் கெய்ல், கேட்டரான், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் சுவிட்ச் செய்யத் தொடங்கின. விலை சட்டென்று இறங்கியது. ஒரு எம்எக்ஸ் சுவிட்சைப் பிரித்தால் சில பாகங்களே இருக்கும்: மேல்கூடு, கீழ்க்கூடு, நடுவில் ஏறி இறங்கும் தண்டு, அதைத் தாங்கும் ஸ்பிரிங், பக்கவாட்டில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். சும்மா இருக்கும்போது தண்டின் கால் ஒரு தகட்டை மற்றதிலிருந்து தள்ளிப் பிடித்திருக்கும். தண்டு இறங்கும்போது கால் விலக, தகடு தானாகவே பாய்ந்து எதிர்த் தகட்டைத் தொடும். தொடும் முனைகளில் தங்கம் இருப்பதால் துருப்பிடிப்பதில்லை.

செர்ரியின் சிவப்பு எம்எக்ஸில் தண்டு மொத்தம் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். அதற்குத் தேவையான விசை 45 சென்டிநியூட்டன், கிட்டத்தட்ட 46 கிராம் எடைக்குச் சமம். அடிவரை குத்தாமல் பாதி வழியிலேயே விரலை எடுத்துவிடலாம் என்பதுதான் இந்த வடிவமைப்பின் சாரம். இதற்குப் பழக்கம் வேண்டும். ரப்பர்க் குமிழில் பழகியவர்கள் ஆரம்பத்தில் எல்லா விசையையும் அடிவரை அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பழகியபின் விரல் களைப்பு குறைவதை அவர்களே உணர்வார்கள்.

சுவிட்ச் வகைகளைச் செர்ரி தண்டின் நிறத்தால் பிரித்தது. மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டன. சிவப்பில் தண்டின் கால் வழுவழுப்பாக இருக்கும். விசை தடையின்றி இறங்கும். பழுப்பில் அந்தக் காலில் ஒரு சிறு மேடு உண்டு. தகடு அதில் ஏறி இறங்கும் இடத்தில் விரலுக்கு ஓர் இடறல் தெரியும். எழுத்து பதிவானதற்கான செய்தி அதுதான். நீலத்தில் தண்டு இரண்டு துண்டாக இருக்கும். மேல் துண்டு பாதி இறங்கியதும் கீழ்த் துண்டு சட்டென்று பாய்ந்து ‘டிக்’ என்று ஒலிக்கும். சிவப்பைப் போலவே இடறலில்லாமல், ஆனால் 60 சென்டிநியூட்டன் கனத்தோடு இருப்பது கறுப்பு.

நாள் முழுக்க எழுதுபவருக்கு இடறல் உள்ள வகையே பொருத்தம். பதிவான கணத்தைத் தொடு உணர்வே சொல்லிவிடுவதால் திரையில் சரிபார்க்கும் வேலை குறைகிறது. விரல்களை விசைகள்மேல் சாய்த்து ஓய்வெடுக்கும் பழக்கம் உள்ளவருக்குச் சிவப்பு ஆகாது. எண்ணாத எழுத்தெல்லாம் விழும். நீலத்தின் ஒலி எழுதுபவருக்கு இன்பமாக இருக்கலாம். அதே அறையில் இருக்கும் மற்றவருக்கு அப்படி இராது. தனியறை உள்ளவர் மட்டுமே அதை எடுப்பது நல்லது. நீல சுவிட்சின் ஓசையை இந்தியாவில் பரப்பியது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’ கீபோர்டு. பில் போடும் கவுண்டர்களிலும் டிடிபி நிலையங்களிலும் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய அந்தப் பலகையில் செர்ரி நீல சுவிட்ச் இருந்தது. விசைகளுக்கு அடியில் விளக்கு கிடையாது. தமிழ்நாட்டில் ‘நல்ல கீபோர்டு’ என்று ஒரு தலைமுறை தெரிந்துகொண்டது அதைத்தான்.

விளக்கைச் சேர்த்தால் பலகையின் உள்ளே என்னென்ன மாறுகிறது என்பது பலரும் கவனிக்காத பகுதி. மூவண்ண எல்இடி ஒன்று முழு ஒளியில் ஒரு நிறத்துக்குச் சுமார் 20 மில்லியாம்பியர் என்ற கணக்கில் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். 87 விசைகளுக்கு அது 5 ஆம்பியரைத் தாண்டுகிறது. யுஎஸ்பி 2.0 இணைப்பு தருவதோ 500 மில்லியாம்பியர்தான். எனவே விளக்குகளை முறைவைத்து மிக வேகமாக ஏற்றி அணைத்து, ஒளியைக் குறைத்து ஓட்டுவதற்கென்றே தனிச் சில்லுகள் வைக்கிறார்கள். அந்தச் செலவும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. கம்பியில்லாப் பலகையில் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். லாஜிடெக்கின் எம்எக்ஸ் மெக்கானிக்கல் ஒரு முறை சார்ஜ் செய்தால் விளக்கோடு 15 நாள் வரை, விளக்கை அணைத்தால் 10 மாதம் வரை ஓடும் என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது.

ஒளி மேலே வர சுவிட்சின் மேல்கூடு கண்ணாடிபோல் தெளிவான பாலிகார்பனேட்டில் செய்யப்பட வேண்டும். விளக்கு வேண்டாம் என்றால் ஒளிபுகாத நைலான் கூடே போதும். நைலான் கூட்டின் ஓசை கொஞ்சம் அடங்கி, கனமாக ஒலிக்கும் என்பது ஆர்வலர்களின் அனுபவம். சில பழைய ஒளிரும் பலகைகளில் எல்இடியின் கால்கள் சுவிட்சின் கூட்டைத் துளைத்துச் சென்று அடியில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் ஒரு சுவிட்ச் பழுதானால் முதலில் எல்இடியைக் கழற்ற வேண்டும், பிறகுதான் சுவிட்சைத் திறக்க முடியும்.

விளக்கு அதிகம் கெடுப்பது விசைகளின் தொப்பிகளை, அதாவது கீகேப்புகளை. எழுத்து ஒளிர வேண்டுமானால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஒளிபுகக்கூடியதாக இருக்க வேண்டும். மலிவான வழி, வெளிர் பிளாஸ்டிக் தொப்பிக்குக் கறுப்பு வண்ணம் பூசி, எழுத்தின் வடிவில் அந்தப் பூச்சை லேசரால் சுரண்டுவது. ஓரிரண்டு ஆண்டு கடுமையான உழைப்பில் பூச்சு தேயும். எழுத்தின் ஓரம் கலையும். தேய்ந்த இடமெல்லாம் வெளிச்சம் கசியும். இரண்டு நிற பிளாஸ்டிக்கை அடுத்தடுத்து அச்சில் வார்க்கும் ‘டபுள் ஷாட்’ முறை இதைவிட எவ்வளவோ மேல். அதில் எழுத்து தொப்பியின் உடம்போடு உடம்பாக இருப்பதால் அழியவே அழியாது.

தொப்பிக்குப் பயன்படும் பிளாஸ்டிக் பெரும்பாலும் இரண்டு. ஏபிஎஸ் வார்ப்பதற்கு எளிது, விலை குறைவு. ஆனால் விரலின் உரசலில் அதன் சொரசொரப்பு மழுங்கி, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கத் தொடங்கும். பிபிடி உரசலைத் தாங்கும், வெப்பத்தையும் தாங்கும். வெப்பத்தைத் தாங்குவதால் அதில் ‘டை சப்ளிமேஷன்’ என்ற முறையில் எழுத்தைப் பதிக்க முடிகிறது. சூட்டில் சாயம் ஆவியாகி பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே ஒட்டிய மை இல்லை என்பதால் நகம் பட்டாலும் உரியாது. சாயத்தால் நிறத்தை அடர்த்தியாக்க மட்டுமே முடியும். ஆகவே இம்முறையில் வெளிர்நிறத் தொப்பியில் கருமையான எழுத்துகளே பெரும்பாலும் கிடைக்கும். ஒளிபுகாத, தடித்த, சாயம் இறங்கிய பிபிடி தொப்பி விளக்கில்லாத பலகைக்கென்றே அமைந்த பொருள். பகல் வெளிச்சத்தில் அதன் எழுத்தைப் போலத் தெளிவாகத் தெரிவது வேறில்லை. பிபிடிக்கும் ஒரு குறை உண்டு: வார்த்து ஆறும்போது அதிகம் சுருங்கும். நீளமான ஸ்பேஸ்பார் கோணிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் அதை மட்டும் ஏபிஎஸ்ஸில் செய்யும் நிறுவனங்களும் உண்டு.

இருட்டில் எழுத்து தெரியாதே என்பது இயல்பான கேள்வி. பார்க்காமல் தட்டச்சு செய்யத் தெரிந்தவருக்குத் தேவைப்படுவது இரண்டு சிறு மேடுகள்: எஃப் விசையிலும் ஜே விசையிலும் இருப்பவை. இரண்டு சுட்டுவிரல்களும் அவற்றைக் கண்டுகொண்டால் மற்ற எட்டு விரல்களும் தம் இடத்துக்கு வந்துவிடும். தமிழ்99 முறையில் தட்டுபவருக்கு இது இன்னும் பொருந்துகிறது. எஃப் விசையில் புள்ளியும் ஜே விசையில் ‘ப’வும் அமர்ந்திருக்கின்றன, உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒளிரும் தொப்பியில் இருப்பது ஆங்கில எழுத்துதான். தமிழ் தட்டுபவருக்கு அதன் வெளிச்சத்தால் ஒரு பயனும் இல்லை. இன்னும் பார்த்துத் தட்டும் நிலையில் இருந்து, இரவில் விளக்கணைத்த அறையில் வேலை செய்ய வேண்டியவருக்கு விசை விளக்கு உண்மையிலேயே உதவும். அவருக்கும் ஒற்றை வெண்ணிற ஒளி போதும். மேசை விளக்கு அதைவிட நல்லது.

அளவைத் தீர்மானிக்க எண் விசைக்கட்டு தேவையா என்று கேட்டுக்கொண்டால் போதும். கணக்கு வேலை செய்பவருக்கு 104 விசை முழுப்பலகை வேண்டும். மற்றவருக்கு எண்கட்டு இல்லாத 87 விசைப் பலகை வசதி. மவுஸ் பக்கத்தில் வரும், வலத்தோள் விரிந்து கிடக்காது. 61 விசை மட்டும் கொண்ட சிறு பலகையில் அம்பு விசைகளே தனியாக இராது என்பதால் கட்டுரை, கதை திருத்துபவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்பேஸ்பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகள் ஒரு பக்கம் சாயாமல் இறங்க அவற்றின் அடியில் கம்பி வைத்த ஸ்டெபிலைசர் இருக்கும். விலை மலிந்த பலகை தன்னைக் காட்டிக்கொடுப்பது இங்கேதான். ஸ்பேஸ்பாரின் ஓரத்தில் தட்டும்போது கம்பி கடகடத்தால், மற்ற சிறப்புகள் எத்தனை இருந்தாலும் அந்தப் பலகை எரிச்சலூட்டும். கிரீஸ் தடவினால் ஓரளவு அடங்கும். சுவிட்சைச் சால்டர் இல்லாமல் பிடுங்கி மாற்றும் ‘ஹாட் ஸ்வாப்’ வசதி இருந்தால் பழுதான ஒரு விசைக்காகப் பலகையையே தூக்கிப்போட வேண்டியதில்லை. தூசியும் ஈரமும் அதிகமுள்ள இடங்களுக்கு, தொடுமுனையைச் சிறு பெட்டிக்குள் மூடிவைத்த கெய்ல் ‘பாக்ஸ்’ சுவிட்ச் ஏற்றது.

மின்னணுப் பகுதியில் பார்க்க வேண்டியது குறைவு. உலோகத் தகடுகள் தொடும்போது ஒரு கணம் துள்ளித் துள்ளித்தான் அமரும். அந்தத் துள்ளலைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடாமல் இருக்கப் பலகையின் மென்பொருள் சுமார் 5 மில்லிநொடி பொறுத்திருக்கும். தேய்ந்த சுவிட்சில் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுவது இந்தப் பொறுமையையும் மீறிய துள்ளலால்தான். பல விசைகளை ஒருசேர அழுத்தும்போது அழுத்தாத எழுத்து தோன்றாமல் தடுக்க ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டையோடு இருக்கும்; நல்ல மெக்கானிக்கல் பலகைகளில் இது வழக்கமாகிவிட்டது.

விசைகளுக்கு விளக்கே வைக்காமல் பெயர் வாங்கிய பலகைகள் உண்டு. ஐபிஎம் 1985-இல் கொண்டுவந்த மாடல் எம் அவற்றில் மூத்தது. விசையை அழுத்தினால் ஸ்பிரிங்கே வளைந்து மடங்கி ஒலியெழுப்பும் அமைப்பு அதில் இருந்தது. சாயம் இறங்கிய பிபிடி தொப்பிகளோடு இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தப் பழைய பலகைகள் பல இன்றும் வேலை செய்கின்றன. அதே அமைப்பை அமெரிக்காவின் யூனிகாம்ப் நிறுவனம் தொடர்ந்து தயாரிக்கிறது. ஜப்பானில் கணினி அறிஞர் எயிச்சி வாடாவின் யோசனையில் பிஎஃப்யு நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு மற்றொன்று. அதன் புரொஃபஷனல் வகையில் உள்ள டோப்ரே சுவிட்சில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ரப்பர்க் குமிழுக்கு அடியிலுள்ள கூம்பு ஸ்பிரிங் நெருங்கும்போது மாறும் மின்தேக்கத்தை அளந்தே எழுத்து பதிவாகிறது. எழுத்தே அச்சிடாத தொப்பிகளோடும் அது விற்கப்படுகிறது. கொரியாவின் லியோபோல்டு, எம்எக்ஸ் சுவிட்சும் தடித்த பிபிடி தொப்பியும் கொண்ட ஒளிராத பலகைகளுக்குப் பெயர் போனது. இவை விலை கூடியவை. குறைந்த செலவில் வேண்டுவோர் ஹாட் ஸ்வாப் உள்ள சாதாரணப் பலகை ஒன்றை வாங்கி, பிபிடி தொப்பித் தொகுதி ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

கைக்கு எட்டும் விலையில் ஒளிரும் பலகை மட்டுமே கிடைக்கிறது என்றால், வாங்கும் முன் விளக்கை முழுதும் அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் அதன் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகியபின் விளக்கு அணைந்தபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தாலோ, செருகியதும் வண்ணம் மீண்டும் ஓடத் தொடங்கினாலோ அந்தப் பலகையைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.