கல்லும் குருணையும்: இணைய எச்சரிக்கைக்கு எதிரான மேல்முறையீடு எப்படி இயங்குகிறது?

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைவிக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளில் அரிசி சுத்தம் செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் சல்லடை. அடுத்து சொளகில் புடைப்பது. கடைசியில் தண்ணீர் ஊற்றி அரிப்பது. சமூக வலைத்தளங்கள் நம் பதிவுகளைச் சலிப்பதும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

கம்பத்தில் ஒரு கல்லூரி மாணவர், தன்பாலீர்ப்பு கொண்டவர். தன்னை ஊரார் எந்தச் சொல்லால் சீண்டினார்களோ அதையே போட்டு, தன்னைப் பற்றி வேடிக்கையாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் பதிவைக் காணோம். ‘வெறுப்புப் பேச்சு’ என்று எச்சரிக்கை மட்டும் வந்து நிற்கிறது. மெட்டா நிறுவனத்தின் தளங்களில் இந்தக் கறை ஓராண்டு வரை கணக்கில் இருக்கும்.

இது சல்லடையின் வேலை. சல்லடைக்கு அளவுதான் தெரியும். நல்ல குருணை கீழே விழுந்துவிடும். அரிசியளவே உள்ள கல் அரிசியோடு மேலேயே தங்கிவிடும். இயந்திரமும் சொல்லைப் பிடிக்கிறது, சொன்னவரை அறிவதில்லை. தமிழில் இது கொடுமை. திருநங்கைகளையும் நளினமாக நடக்கும் பையன்களையும் புண்படுத்த நம்மூரில் ‘ஒன்பது’ என்கிறார்கள். இயந்திரத்துக்கு அது வெறும் எண். வசை தப்பிவிடுகிறது, தன்னைப் பற்றிய பகடி மாட்டிக்கொள்கிறது.

மறுபரிசீலனை கேட்டுப் பொத்தானை அழுத்தினால் பதிவு சொளகுக்குப் போகலாம். அதாவது ஒரு மனிதர் கைக்கு. அந்தக் கையும் வேகமாகப் புடைக்கும் கை. தனிப் பதிவை மட்டும் பார்த்தால் அவருக்கும் கல் எது, அரிசி எது என்று விளங்காது.

அரிக்கும்போதுதான் உண்மை தெரியும். தண்ணீரில் அலசினால் அரிசி மேலே வரும், கல் அடியில் நிற்கும். பதிவுக்குச் சூழல்தான் அந்தத் தண்ணீர். 2021 நவம்பரில், பால்புதுமையர் வாழ்வைப் பேசும் ஓர் அரபு இன்ஸ்டாகிராம் பக்கம், பெண்மை சாயலுள்ள ஆண்களை ஏசும் சொற்களைப் படங்களாக இட்டது. அந்தச் சொற்களின் நஞ்சை நீக்கித் தங்களுடையதாக்கிக்கொள்ளவே என்று விளக்கமும் எழுதியது. மெட்டா நீக்கியது, முறையிட்டதும் திரும்ப வைத்தது, வேறொருவர் புகார் செய்ததும் மீண்டும் நீக்கியது. கடைசியில் மெட்டாவின் மேற்பார்வை வாரியம் வரை போய், நீக்கியது தவறு என்று 2022 ஜூனில் முடிவானது. அந்தப் பதிவைக் காப்பாற்றியது அதன் சூழல்தான்.

ஆகவே முறையீட்டில் ‘யாரையும் புண்படுத்தவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் நம் ஊரில் எப்படிப் புழங்குகிறது, நீங்கள் யாரைக் குறித்துச் சொன்னீர்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

அரித்த பிறகும் கல்லாகவே நின்றால்? பேருந்து நிலையத்தில் ஒரு பையனின் நடையைப் படம்பிடித்துச் சிரித்துவிட்டு ‘சும்மா ஜோக்’ என்பவருக்கு நான் வாதாட மாட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் வெறுப்பு வேடிக்கையல்ல. பக்கத்து மதுரையிலிருந்து, தங்கள் காதலுக்குக் குடும்பம் காட்டிய எதிர்ப்பால், இரண்டு பெண்கள் சென்னைக்குப் போய் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வழக்கில்தான் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று, பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளைத் தடுக்க உத்தரவிட்டார். அதன் தொடர்ச்சியாக, பால்புதுமையரைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. எழுதுமுன் அதைப் படிப்பது நல்லது.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தளம் மறுத்தால் சட்டம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள தளம் தானாகவே ஒரு பதிவை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் பதிலும் சரியில்லை என்றால், 2023 மார்ச் முதல் இயங்கும் ஒன்றிய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். எல்லாம் இணையவழிதான், டெல்லிக்கு அலைய வேண்டாம். அதிகாரியின் பதில் கிடைத்ததிலிருந்து 30 நாள்தான் கெடு. அதனால் எச்சரிக்கை வந்த அன்றே திரையைப் படம்பிடித்துத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.