வெறும் வயிறு மட்டும் போதாது

டெல்லியில் ஜங்புரா பக்கம், பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக இருந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. மாற்று வீடு கிடைத்தவர்களுக்கு அது நரேலாவில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. முன்பு எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகள் ஆட்டோ பிடித்தால் வந்துவிடும் தூரம். இப்போது காலையில் எண்டோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது 'ஒரே ஒரு டீ' என்று தோன்றும். அதைக் குடிக்காதீர்கள்.

பால் கலந்த டீ வயிற்றுக்குச் சாப்பாட்டுக் கணக்குதான். பொதுவாக, திட உணவும் பாலும் பரிசோதனைக்கு 6 முதல் 8 மணி நேரம் முன்பே நின்றுவிட வேண்டும். வெறும் தண்ணீரைப் பெரும்பாலும் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்; மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே சரி. வயிற்றில் உணவு மிச்சமிருந்தால் அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

பட்டினி கிடந்தாலும் நுரையும் சளிப்படலமும் இரைப்பையில் இருக்கும். ஆரம்பநிலைப் புற்றுநோய் சில சமயம் லேசான நிறமாற்றமாக மட்டுமே தெரியும். நுரை அதை மறைத்துவிடும். நுரையை உடைக்க சிமெதிக்கோன், சளியை இளக்க என்-அசிட்டைல்சிஸ்டீன். இவற்றைத் தண்ணீரில் கலந்து, பரிசோதனைக்கு 10 முதல் 30 நிமிடம் முன்பு மருத்துவமனையிலேயே குடிக்கக் கொடுக்கிறார்கள். ஜப்பானில் புரோனேஸ் என்ற நொதி நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கிறது. இப்படிக் குடிக்கக் கொடுப்பது எல்லா இடத்திலும் வழக்கமில்லை. "குடிக்க ஏதும் கொடுப்பீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் நீங்களே கடையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை டானிக் அன்று வேண்டாம். இரைப்பைச் சுவரில் பூசினாற்போல் ஒட்டிக்கொள்ளும். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, சர்க்கரைக்கோ எடை குறையவோ போடும் செமக்ளூட்டைடு ஊசி இவற்றைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. மயக்க ஊசி போட்டால் துணைக்கு ஆள் வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது.

சம்மதத் தாளில் கையெழுத்து வாங்குமுன் என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து என்று விளக்கியாக வேண்டும். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனமோ, நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. இந்தி புரியாத பாட்டியிடம் தாளை நீட்டிப் 'போடுங்கள்' என்பது சம்மதம் ஆகாது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி.

குறை இருந்தால் முதலில் மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். காசு கட்டிச் செய்த பரிசோதனை என்றால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையம் போகலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு அந்த உதவிக்கு வருமான வரம்பு கிடையாது.

அறிக்கையில் 'சரியாகப் பார்க்க முடியவில்லை' என்று எழுதியிருந்தால் அது 'நோயில்லை' என்று ஆகாது. மறுபடி எப்போது என்று கேட்டு, தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.