பால்மரம் மருந்து தருமா?

விடியுமுன் உளியோடும் வாளியோடும் நிரைக்குள் நுழையும் தாய்மார்களே, தந்தைமார்களே! மங்கில் சொட்டும் பாலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "ரப்பர்" என்பீர்கள். ஆனால் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் பெரும்பாலும் நீர். அந்த நீரில் மரம் தானே செய்துகொள்ளும் பலவகைப் புரதங்கள் கலந்திருக்கின்றன. ஸ்டோரில் திராவகம் ஊற்றிப் பாலை உறைய வைத்தபின் கால்வாயில் ஓடுகிறதே, அந்த நீரைத்தான் சொல்கிறேன்.

தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும் மரத்தை, மனிதனுக்கு வேண்டியதையும் செய்ய வைக்க முடியாதா? மலேசிய ரப்பர் ஆய்வாளர்கள் முயன்று பார்த்தார்கள்.

எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு உயிரணுக்களில் இருக்கிறது. அதுவே மரபணு. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், தன் மரபணுவைச் செடிகளுக்குள் புகுத்தும் இயல்புடையது. அதையே தூது அனுப்பி, மனிதப் புரதத்திற்கான குறிப்பைப் பால்மர உயிரணுவில் சேர்த்தார்கள். அந்த உயிரணுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துக் கன்றாக்கினார்கள். அதன் பாலில் மனித இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் இருந்தது! இந்த ஆய்வு 2002-இல் வெளியாயிற்று.

அல்புமின் எதற்கு? கடுமையான தீக்காயம் பட்டவர்களுக்கும், அதிக இரத்தம் இழந்தவர்களுக்கும் மருத்துவர்கள் ஏற்றுவது அது. பெரும்பாலும் பிறர் தானம் செய்த இரத்தத்திலிருந்தே அதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இதற்குப் பால்மரம் ஏன் ஏற்றது? மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. வெட்ட வெட்டப் பால் சுரக்கும். நல்ல மரம் ஒன்று கிடைத்தால் ஒட்டுக்கட்டி ஆயிரமாக்கலாம். இவை உங்கள் கைகள் அறிந்த வேலைகள்தாமே!

ஆயினும் ஆய்வில் முடிந்ததெல்லாம் உடனே மருந்தாகிவிடாது. புரதத்தைப் பிரித்துத் தூய்மையாக்க வேண்டும். நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும். மாற்றிய மரத்தின் மகரந்தம் மற்ற மரங்களில் சேராமல் காக்க வேண்டும். ஆகவே மங்குப் பாலை மருந்தென்று எவரும் வாயில் வைத்துவிடாதீர்கள்!

இது வெறும் கனவும் அல்ல. கோஷே என்னும் பரம்பரை நோய்க்கு, கேரட் உயிரணுக்களில் செய்த மருந்து ஒன்றை அமெரிக்கா 2012-இல் அனுமதித்தது.

நான்காம் படிவத்தில் உயிரியல் எடுக்க உங்கள் பிள்ளை தயங்கினால், "பால்மரம் நமக்குத் தெரியாததா?" என்று கேளுங்கள். பாலெடுக்கும் கையின் அறிவு நமக்கு உண்டு. அந்தப் பாலுக்குள் இருப்பதை ஆராயும் அறிவும் நம் வீட்டுக்கு வரட்டும்.